அப்பா நாற்காலிக்கு அண்ணி போட்ட கால்

என் அண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். அது கொஞ்சம் இறங்கின பிறகுதான் நல்லதாக நாலு வார்த்தை வாயில் வரும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் தப்பாக நினைக்க மாட்டேன். நினைப்பேன், ஆனால் சொல்ல மாட்டேன்.

தெருவில் அவளைக் 'கால்காரி' என்பார்கள். பழைய மேஜை, நாற்காலி, அலமாரி எதுவானாலும் சரி, கால் ஒடிந்ததோ, கறையான் தின்றதோ, பார்க்கவே பழசாகிப் போனதோ, கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால் புதுக் கால் வைத்து அனுப்புவாள். கடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வீட்டை ஒட்டி, முன்பு கார் நிறுத்திக்கொண்டிருந்த அறை. ஷட்டரைத் தூக்கினால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். உள்ளே நாற்காலிகள் எல்லாம் காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்கும். நான் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் தும்மல் பிடித்துக்கொள்ளும். அவளோ தலையெல்லாம் மரத்தூளோடு, மகாராணி மாதிரி ஒரு முக்காலியில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

தச்சு வேலை படித்தவள் இல்லை. தையல்காரி. துணிக்கடை ஒன்றில் பேன்ட்டுகளுக்குக் கீழ் மடிப்பு தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜைக்குத் தானே ஒரு கால் செய்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தன் அலமாரியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்படியே தொற்றிக்கொண்டது.

தையல் கடைப் புத்தி மட்டும் அவளை விட்டுப் போகவேயில்லை. நாற்காலிக்குக் கால் வேண்டும் என்று போனால் நாற்காலியை அளக்க மாட்டாள், ஆளை அளப்பாள். செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு உட்காரச் சொல்வாள். வீட்டில் செருப்பு போடுவீர்களா, வெறுங்காலா என்று கேட்பாள். அப்புறம் கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்து, மண்டியிட்டு, முழங்காலுக்குப் பின்னாலிருந்து தரை வரைக்கும் பிடிப்பாள். ஒரு தடவை பெரிய மனிதர் ஒருவர் கூச்சப்பட்டுக்கொண்டு, "சோபாவைத்தானேம்மா கொண்டுவந்தேன், என்னை எதுக்கு அளக்கறீங்க?" என்றார். "சோபாவா சார் வந்து உக்காரப் போகுது? நீங்கதானே உக்காரணும்" என்றாள் அண்ணி.

இன்னொன்று, எந்தக் காலையும் அவள் வெட்ட மாட்டாள். வளர்கிற பிள்ளையின் பேன்ட்டை யாராவது வெட்டித் தைப்பார்களா? உள்ளே மடித்துத் தைப்பார்கள், நாளைக்குப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். மரத்தை மடிக்க முடியாதே. அதனால் காலின் அடியில் விரல் அகலத்துக்கு மர வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் நீளமாக ஒரு போல்ட்டைக் கொடுத்து முடுக்கிவிடுவாள். உயரம் போதவில்லையா, ஒரு வளையம் கூட்டு. அதிகமா, ஒன்றைக் கழற்று. பார்க்க வளையல் அடுக்கிய கை மாதிரி இருக்கும். இன்றைக்கு எங்கெங்கிருந்தோ வந்து 'வளையல் கால்' வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். அது யாருக்காக முதன்முதலில் செய்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் அண்ணனுக்காக. இல்லை, சரியாகச் சொன்னால், எங்கள் அப்பா நாற்காலிக்காக.

அப்பா நாற்காலி தாழ்வானது. உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலு காலும் புலிப் பாதமாகச் செதுக்கியது, நகம்கூட இருக்கும். சின்ன வயதில் நான் ஒரு நாள் அந்த நகங்களுக்கெல்லாம் சிவப்புச் சாயம் பூசிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை. "புலி அழகாத்தான் இருக்கு" என்றார். எவ்வளவு துடைத்தும் ஒரு நகத்தின் இடுக்கில் மட்டும் அந்தச் சிவப்பு போகவேயில்லை. அப்பாவுக்குப் பிறகு நாற்காலி அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்று அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். "ஊர்ல உள்ள நாற்காலிக்கெல்லாம் கால் மாத்துங்க. இது அப்பாவோடது. இதைத் தொடாதீங்க."

அண்ணன் பஸ் ஓட்டியவன். காலமெல்லாம் உட்கார்ந்தே சம்பாதித்தவன் என்று கேலி செய்வேன். அவன் என்னைச் 'சுண்டு' என்பான், நான் குள்ளம் என்பதால். ஓய்வு பெற்ற பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டான். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராக அப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை.

அண்ணியும் நானும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினோம். அவ்வளவு பெரிய பஸ்ஸை வளைத்து வளைத்து ஓட்டியவன், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். "நான் என்ன நோயாளியா?" என்று கத்தினான்.

ஒரு வாரம் போன பிறகுதான் அண்ணி கவனித்தாள். அவன் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்து போக வேண்டும், எழ வேண்டுமென்றால் யாராவது தூக்க வேண்டும். ஆகவே பக்கத்தில் வைத்த டம்ளர் வைத்தபடியே இருக்கும். கேட்டால் தாகமில்லை என்பான். ஐயோ, உதடு வெடித்துக் கிடக்கிறது, தாகமில்லையாம்! கடைசியில் சிறுநீரில் கிருமி சேர்ந்து காய்ச்சல் கொதிக்க, மறுபடி மருத்துவமனையில் சேர்த்தோம். இப்படியே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். பகலெல்லாம் நான் கூட இருந்தேன். அண்ணி சாயங்காலம்தான் வருவாள். கட்டின புருஷன் படுத்துக் கிடக்கிறான், இவளுக்குக் கடைதான் பெரிசாப் போச்சு என்று மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

திரும்பி வந்த அன்று அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து, கைப்பிடியை அழுத்தி, தானாகவே எழுந்து நின்றான்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில போட்ட ஊசி நல்ல ஊசிடி" என்றான் அண்ணன். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான்.

அந்தச் சந்தோஷத்தில் நான் சோபாவில் உட்கார்ந்தேன். என் கால் தரையில் படவில்லை.

நான் குள்ளம்தான், ஆனாலும் அந்த சோபாவில் எனக்குக் கால் எட்டும். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அங்கேயும் எட்டவில்லை. அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "என்ன சுண்டு, வயசாக வயசாகக் குறைஞ்சுக்கிட்டே போறியா?"

அது சுருக்கென்று தைத்தது. வயதானால் பெண்களுக்கு எலும்பு தேய்ந்து உயரம் குறையும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். இருக்கிற உயரமே எனக்குப் போதாது, அதிலும் குறைந்தால் எங்கே போவது? என் வீட்டு சோபாவில் கால் எட்டத்தான் செய்தது, ஆனால் அது என் பாரத்துக்கு அமுங்கிப் பள்ளமாகிப் போனது, அதை நம்ப முடியாது. நேராக டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னேன். அவர் என்னைச் சுவரோரம் நிறுத்தி அளந்து, பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "நீங்க ஒரு துளிகூடக் குறையலைம்மா. குறைக்க வேண்டியது எடையை."

நான் குறையவில்லை என்றால் நாற்காலிதானே வளர்ந்திருக்க வேண்டும்? வீட்டுக்குப் போகவில்லை. அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேராக அண்ணி கடைக்குப் போனேன்.

ஷட்டர் பாதி திறந்திருந்தது. குனிந்து உள்ளே நுழைந்ததும் மேல்தட்டில் கண்ணில் பட்டது, பழைய துணியில் கட்டி வைத்த நாலு புலிப் பாதம்.

"அப்பா நாற்காலிக் கால் இங்க என்ன பண்ணுது?" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகத்தான் இருந்தது.

அண்ணி உப்புத்தாளைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மெதுவாப் பேசு. உன் அண்ணனுக்குக் கேட்டுடும்."

"கேட்கட்டுமே! தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? அவன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இந்த வேலைதான் பார்த்துக்கிட்டிருந்தீங்களா?"

"ஆமா. அப்பதான் பண்ணினேன். அவர் வீட்டுல இருந்தா முடியுமா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாம ரெண்டு பேரும் தூக்கினப்ப அவர் முகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எங்க பார்த்தே? அவர்தான் சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தாரே."

அவளே சொன்னாள். அப்பா நாற்காலியை மட்டும் உயர்த்தினால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் கட்டில், சாப்பாட்டு மேஜை, நாற்காலிகள், சோபா, முக்காலி என்று வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் வளையம் வைத்துப் புதுக் கால் போட்டு, ஒரே அளவுக்கு ஏற்றியிருக்கிறாள். புதுக் கால் தெரியாதபடி எல்லாவற்றுக்கும் தரை வரை தொங்கும் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். சுவரில் இருந்த அப்பா படத்தின் ஆணியைக்கூடப் பிடுங்கி மேலே அடித்திருக்கிறாள்.

"ஜன்னலை என்ன பண்ணினீங்க?"

"ஜன்னலை எங்க ஏத்தறது? நேத்துகூடக் கேட்டார், என்னடி ஜன்னல் இறங்கின மாதிரி இருக்குன்னு. பழைய கட்டடம், பூமியில உக்காருதுன்னேன். நம்பிட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் அதைவிட அவமானம் ஒன்றுமில்லை. அடக்கிக்கொண்டு சொன்னேன். "எல்லாம் சரி. எனக்கு அந்தப் புலிப் பாதம் திரும்ப நாற்காலியில வந்தாகணும். அப்பா உக்கார்ந்த நாற்காலி அப்பா உக்கார்ந்த மாதிரியே இருக்கணும்."

"வரும். அவருக்குத் தெரியாம ஒவ்வொரு வளையமா இறக்கிக்கிட்டே வர்றேன். தினமும் எந்திரிச்சு உக்கார்ந்தா கால் தன்னால பலமாகும். கடைசியில உன் புலியையே மாட்டிடறேன். வாக்கு" என்றாள் அண்ணி.

இப்படியாக நானும் அந்தத் திருட்டில் கூட்டாளி ஆனேன். என் வாயில் எந்த ரகசியமும் தங்காது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார். இது மட்டும் தங்கியது. அண்ணன் குளிக்கப் போகும் நேரம்தான் அண்ணிக்கு வேலை நேரம். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் போர்வையை மடித்துத் தரையில் போட்டு, நாற்காலியைச் சாய்த்து, பாட்டில் மூடியைத் திருகுவது போல வளையத்தைக் கழற்றிவிடுவாள். அடுத்து சோபா, அடுத்து மேஜை. கட்டிலுக்கு மட்டும் நான் போய்ப் பிடிக்க வேண்டும். ஒருநாள் அவன் சோப்பு மறந்துவிட்டது என்று பாதியில் குரல் கொடுக்க, நாங்கள் இருவரும் கட்டிலைத் தூக்கிய கையோடு சிலையாக நின்றோம்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சோபாவில் உட்கார்ந்தால் போதும், என் பாதமே சொல்லிவிடும். முதலில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அப்புறம் பெருவிரல் நுனி தொட்டது. அப்புறம் முன்பாதம். அண்ணனும் எழுந்து நடமாடினான். கைத்தடியோடு தெருமுனை வரை போய் வந்தான். தண்ணீர் குடித்தான். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரே பீற்றல். "எல்லாம் மனசுதாங்க. மனசுல தெம்பு இருந்தா போதும், உடம்பு தானா பின்னால வரும்." நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணி உள்ளேயிருந்து, "ஆமா ஆமா, மனசுதான்" என்பாள், சிரிக்காமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது வாசலிலிருந்தே பார்த்துவிட்டேன். உறையை எடுத்துவிட்ட அப்பா நாற்காலியின் கீழே புலிப் பாதங்கள் நின்றன! அட, சொன்னபடி செய்துவிட்டாளே! அண்ணன் அதில் உட்கார்ந்திருந்தான். அப்பாவே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன், என் குதிகால்கூடத் தரையில் அழுந்தப் படிந்தது. ஊர்க்கதை எல்லாம் பேசினேன். கொஞ்ச நேரம் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதே உறைக்கவில்லை.

அண்ணன் பக்கத்தில் முக்காலியில் ஒரு டம்ளர் இருந்தது. மேலே தட்டு மூடியிருந்தது. தட்டைத் தூக்கினேன், தண்ணீர் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதற்குப் பின்னால் காலையில் கொடுத்த காப்பி, ஆடை படிந்து கிடந்தது.

"ஏன் குடிக்கலை?"

"தாகமில்லை" என்றான். சொல்லும்போது சுவரைப் பார்த்தான்.

தட்டை மறுபடி மூடினேன். எழுந்து சமையலறைக்குப் போனேன். அண்ணி பாத்திரம் தேய்ப்பது போல நின்றுகொண்டிருந்தாள். கையில் பாத்திரம் எதுவும் இல்லை.

"எப்பலேர்ந்து?"

"புலிக்கால் மாட்டினதுலேர்ந்து. முந்தாநாள். ரெண்டு தடவை எழப் பார்த்தார், பின்னாடியே விழுந்துட்டார். அப்புறம் முயற்சியே பண்ணலை." அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். "பழையபடி ஏத்திடலாம்தான். உனக்கு வாக்குக் குடுத்திட்டேனே. இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம், பழகிடுவார்னு நினைச்சேன்."

"என்ன வாக்கு, பெரிய வாக்கு! நான் ஆயிரம் கேட்பேன். நான் வாய் ஓயாம கேட்கிறவ. நான் கேட்டேன்னு என் அண்ணன் தொண்டை வறண்டு கிடக்கணுமா? கழட்டுங்க அந்தப் புலியை! இப்பவே கழட்டுங்க!"

"அவர் உக்கார்ந்திருக்காரே."

அதையும் நான்தான் செய்தேன். அண்ணன் முன்னால் போய் நின்று, "எந்திரி, பாத்ரூமுக்குப் போயிட்டு வா. நீ அடக்கி வச்சிருக்கறது உன் மூஞ்சியிலேயே தெரியுது" என்றேன். இருவருமாகத் தூக்கினோம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் திருப்பிக்கொள்ளவில்லை, அவன் பிடரியையே பார்த்துக்கொண்டு தூக்கினேன். அவன் கதவைச் சாத்தியதும் நாற்காலியைச் சாய்த்தோம். அண்ணி புலிப் பாதங்களைத் திருகிக் கழற்றினாள், கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த வளையல் கால்களையும் உறையையும் நான் எடுத்துக் கொடுத்தேன்.

"எத்தனை வளையம் வைக்கட்டும்?" என்றாள் அண்ணி.

"என் குதிகால் தரையில படாத அளவுக்கு வையுங்க" என்றேன். "சோபா, மேஜை எல்லாத்தையும் அப்புறமா ஏத்திடுங்க, இனிமே இறக்க வேண்டாம். அப்பா கால் எங்கேயாவது கிடக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தில் மரத்தூள் கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். நாங்கள் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தட்டைத் தூக்கி டம்ளரை எடுத்தான்.

அதற்குப் பிறகு நாலைந்து தடவை போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் என் குதிகால் அந்த வீட்டில் அந்தரத்தில்தான் நின்றது. தொடை மரத்துப் போகும், ஆனாலும் சொல்லவில்லை. ஆச்சரியம்தான், நான் சொல்லவில்லை. போன வாரம் போய் சோபாவில் உட்கார்ந்ததும் அண்ணி ஒரு குட்டி மணையைக் கொண்டுவந்து என் காலடியில் தள்ளினாள். மேலே மெத்தென்று துணி வைத்துத் தைத்திருந்தது. கீழே நாலு புலிப் பாதம். நாலு விரல் உயரத்துக்கு அறுத்துக் குட்டையாக்கியிருந்தாள். ஒரு நகத்தின் இடுக்கில் சிவப்பு.

"அறுத்துட்டீங்களா?" என்றேன். "அப்பா நாற்காலிக் காலை அறுத்தே போட்டுட்டீங்களா? வெட்டவே மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே!"

"இது ஒண்ணைத்தான் வெட்டினேன்" என்றாள் அண்ணி. "இனி திரும்ப மாட்டப் போறதில்லையே. உன் கால் எத்தனை நாள்தான் தொங்கிக்கிட்டே இருக்கும்? பாதத்தை வை, அளவு சரியா இருக்கான்னு பார்க்கணும்."

வைத்தேன். அளவு எப்படித் தப்பும்? என்னை எப்போது அளந்தாள் என்றுதான் தெரியவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. விடாமல் வந்தது.

"என்னடி, கத்திக் கத்தி மூச்சு முட்டுதா?" என்று அண்ணன் அப்பா நாற்காலியின் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்தினான். எழுந்தான். கைத்தடியைத் தேடவில்லை. சமையலறைக்குப் போனான், குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணி அசையவில்லை, நானும் அசையவில்லை. டம்ளரோடு திரும்பி வந்து என் முன்னால் நீட்டினான்.

"ரெண்டு பேரும் என்ன அப்படிப் பார்க்கறீங்க? தண்ணிதானே. குடி சுண்டு."

வாங்கினேன். டம்ளரில் பாதிதான் இருந்தது.

"வர்ற வழியில எனக்கும் தாகமா இருந்துது" என்றான் அண்ணன்.